பதினாலு மஞ்சள் கார்கள்

பதினோராவது மஞ்சள் காருக்குப் போன் போட்டாள் நஜீஹா.

எடுத்தவர் ஒரு எகிப்துக்காரர். "சலாம் அலைக்கும். கார் ஷோரூம் கலீல் பாயோட மகள் பேசறேன். வாப்பா இன்னைக்கு விடிய சுபுஹு நேரத்துல மவுத்தாயிட்டாங்க. அவங்க உங்ககிட்ட ஏதாவது பொய் சொல்லியிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்று, காலையிலிருந்து பத்து தடவை சொல்லிப் பழகிய ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் இன்னா லில்லாஹி சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். அதற்குப் பிறகு, "எந்தப் பொய்யைம்மா?" என்று கேட்டார் அவர்.

இப்படிக் கேட்பதில் இவர் நாலாவது ஆள்.

நாலு சிலிண்டர் எஞ்சினே எட்டு சிலிண்டர் மாதிரிதான் பாயும் என்று சொல்லி அவர் தலையில் கட்டிவிட்டாராம் கலீல் பாய். எடுத்து ஓட்டினால் அப்படியொன்றும் பாயவில்லையாம். "அப்ப என் பொண்டாட்டி நிறைமாசம். நான் கேட்ட எஞ்சினை வாங்கியிருந்தா பெட்ரோலும் இன்சூரன்சும் என்னை முழுங்கியிருக்கும். நல்ல பொய்ம்மா அது. மன்னிச்சிட்டேன், நூறு தடவை மன்னிச்சிட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

"என்னவாம்?" ஹாலில் உறவுக்காரப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த உம்மா ஆபிதா கேட்டாள்.

"நாலு சிலிண்டர எட்டுன்னு சொன்னாங்களாம் உம்மா."

"அல்லாஹ்வே! இந்த மனுஷன் ஆளுக்கொரு பொய்யால்ல சொல்லி வச்சிருக்காரு!" விடியற்காலையிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு ஆபிதா களுக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

விஷயம் இதுதான். நேற்று வியாழக்கிழமை இரவு கலீலுர் ரஹ்மானுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் பொஞ்சாதியின் கையைப் பிடித்து, "ஆபிதா, மஞ்சக் கார்க்காரன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். பொருத்தம் வாங்கிடணும்" என்றார். பேர் என்ன என்று அவள் கேட்பதற்குள் கட்டில் நகர்ந்துவிட்டது. கதவுக்கிட்டே போனதும் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். ரெண்டே நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்கிறார் போல என்று ஆபிதாவும் தலையை ஆட்டினாள். வரவில்லை.

சாகப்போகிற மனுஷன் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டிருக்கிறார். யாரிடம் குறை வைத்தாரோ அவர் வாயால் 'பொருந்திக்கிட்டேன்' என்று வராமல் மண்ணுக்குள் அனுப்பக்கூடாது என்று ஆபிதா ஒரே பிடியாக நின்றாள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா தொழுகை, அடக்கம். அதற்குள் மஞ்சள் கார்க்காரனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்டுபிடிப்பது ஒன்றும் லேசில்லை. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு வந்து, முப்பது வருஷமாக அமெரிக்கக் கார்களை இறக்கி விற்கிற ஷோரூம் ஒன்றில் சேல்ஸ்மேனாக இருந்தவர் கலீலுர் ரஹ்மான். மஸ்டாங் என்றால் கலீல் பாய், கலீல் பாய் என்றால் மஸ்டாங். அந்த மனுஷனுடைய போனில் ஆட்களே கிடையாது. எல்லாம் கார்கள். வாங்கியவர் பெயர் மறந்துபோகும், வண்டி மறக்காது என்பார். அதனால் 'மஞ்ச மேனுவல் கியர்', 'மஞ்ச கறுப்புக்கோடு', 'மஞ்ச ஓப்பன் டாப்', 'மஞ்ச பெரிய ஸ்பாய்லர் செவப்பு பிரேக்' என்றுதான் போட்டு வைத்திருந்தார். 'மஞ்ச' என்று தேடினால் பதினாலு வந்தது.

ஷோரூமில் பக்கத்து மேஜைக்காரரான அதிராம்பட்டினம் அஸ்கர் அலி, காலையில் ஆஸ்பத்திரி பேப்பர் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்தவர், ஒரு ஆசையில் தன் நம்பரைத் தேடிப் பார்த்தார். 'பேஸ் மாடல்' என்று இருந்தது, கூடுதல் வசதி ஒன்றும் இல்லாத மலிவு வண்டி.

"பத்தொம்பது வருஷம் கூட இருந்தேன் ராத்தா! பேஸ் மாடலாம்! ஒரு பவர் விண்டோகூட குடுக்கலியே காக்கா!" என்று, கூடப்பிறந்த அண்ணன்மேல் குறை சொல்வது போல அவர் ஆபிதாவிடம் முறையிட்டு, அப்படியே முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு தேம்பினார்.

பன்னிரண்டாவது போன் ஒரு அரபு அம்மாவுக்குப் போனது. தம்பிக்காக வாங்கிய வண்டியாம். பத்தொன்பது வயசுப் பையன், எட்டு சிலிண்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். "வளைகுடா முழுக்க ஸ்டாக் மாஃபி, இல்லவே இல்ல, பதினாலு மாசம் ஆகும்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார் கலீல் பாய். ஷோரூமுக்குப் பின்னால் இரண்டு வண்டி துணி போர்த்தி நின்றதை அந்த அம்மா தன் கண்ணால் பார்த்தாராம். "நான் வாயே திறக்கல. அன்னைக்கு ராத்திரி எங்கம்மா உங்க வாப்பாவுக்காக துஆ செஞ்சாங்க" என்றார்.

பதின்மூன்றாவது ஒரு பிலிப்பைன்ஸ்காரர். கூரையில் கறுப்புக்கோடு ஒட்டினால் ஆளே மெலிந்து தெரிவீர்கள் என்று சொல்லி ஒட்டவைத்தாராம். "இன்னைக்கு வரைக்கும் மெலியல. ஆனா கோடு அழகா இருக்கு" என்றார் அவர்.

நஜீஹாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண் அவள், அளந்துதான் பேசுவாள். சின்ன வயசில் அவளுக்குச் சோறு ஊட்டும்போது வாப்பா சொன்ன கதையெல்லாம் இந்த வண்டிதான். "முன்னால நீளமா பானெட்டு, பின்னால குட்டையா டிக்கி. ஓடப்போற குதிரை பின்னங்கால மடக்கி நிக்குமே, அந்த நிற்பு. பின்னால விளக்கு மூணு மூணு கோடு. பூஜ்யத்துல இருந்து நூறுக்கு எத்தனை செகண்டு, சொல்லு பாப்போம்?" ஏழு என்று சொல்லிப் பழகினாள். மாடல் மாற மாற ஆறானது, ஐந்தானது, கடைசியில் நாலரையில் வந்து நின்றது. சொன்னவர் என்னவோ வெளிறிப்போன ஒரு கொரோல்லாவில் எண்பதைத் தாண்டாமல் வலது ஓரத்தில் ஊர்ந்தவர். நஜீஹா பிறந்த அன்று ஆபிதாவுக்குக் கொடுத்த வாக்கு அது. டெஸ்ட் டிரைவ் என்றாலும் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார்.

மிச்சமிருந்தது ஒன்று. 'மஞ்ச வி8 ரெக்காரோ சீட்டு கோடு வேணாம்.' நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. பேசி மெசேஜ் அனுப்பினாள். ஜும்ஆ நேரம் வந்தது. ஆண்கள் எல்லாரும் தொழப் போனார்கள். ஆபிதா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள்.

ஒன்றே முக்காலுக்குப் போன் வந்தது.

"அக்கா, நான் முகம்மது ஆசிக், ராஸ் அல் கைமாவுலேர்ந்து. அங்கிள் மவுத்தா? நேத்துதானேக்கா பார்த்தேன்! வண்டிய சர்வீஸுக்கு விட்டிருந்தேன், சாயங்காலம் அவர்தான் சாவியக் குடுத்தாரு!"

தமிழ்க் குரலைக் கேட்டதும் நஜீஹா கட்டுப்பாடு இழந்து அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அங்கிள் எங்கிட்ட பொய் சொன்னாரா? சான்ஸே இல்லக்கா. என் வாழ்க்கையிலேயே எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்."

"இருக்கட்டும் தம்பி. பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"சொல்லாத பொய்க்கு நான் எப்படிக்கா மன்னிப்பு குடுக்கறது? அவரைப் பொய்யர்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமே! நான் கிளம்பிட்டேன். அசருக்குள்ள வந்துருவேன்." வைத்துவிட்டான்.

"நல்ல புள்ளதான். ஆனா நம்மள மாட்டி விட்டுட்டானே!" என்றாள் ஆபிதா. "நீ அடக்கம் பண்ற மையவாடிக்குப் போ நஜீஹா. உள்ள போவேணாம், வாசல்லயே நில்லு. நான் புருஷன் மவுத்தாகி இத்தாவுல உக்காந்தவ, வாசல் தாண்டி வர முடியாது. என்ன பொய்னு தெரிஞ்சு, அவன் வாயால வாங்கிட்டு வா."

பெண்பிள்ளை மையவாடி வாசலுக்கா என்று ஒரு மாமி இழுத்தாள். "உள்ளயா போறா? வாசல்ல காத்து வாங்கப் போறா" என்று ஆபிதா அவளை ஒரே பேச்சில் உட்கார வைத்தாள்.

அல் கூஸ் மையவாடி வாசலில் வாப்பாவின் கொரோல்லாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள் நஜீஹா. அதற்கு முன்னாலும் பின்னாலும் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிவப்பு மஸ்டாங், நீலம், வெள்ளை, ஆரஞ்சு, இரண்டு மஞ்சள். நீள அங்கி கந்தூரா போட்ட அரபிகள், பாகிஸ்தானிகள், கோட்டுப் போட்ட ஒரு லெபனான்காரர். உறுமத் தெரிந்த அத்தனை வண்டியும் மூச்சுக் காட்டாமல் வரிசையில் வந்து நின்றது. ஷோரூம் வேனிலிருந்து அஸ்கர் அலியும் மற்றவர்களும் இறங்கினார்கள். கடைசியில் இறங்கியவர் வண்டி கழுவும் ராக்கப்பன். சிவகங்கைப் பக்கத்து ஆள், ஐம்பது வயசு. அவர் மட்டும் கொஞ்சம் தள்ளி, வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார்.

மூன்றேகாலுக்கு அந்த மஞ்சள் கார் வந்தது. வெள்ளை ஜிப்பாவும் அவசரத்துக்கு வைத்த தொப்பியுமாக ஓடிவந்தான் ஆசிக். இருபத்து நாலு வயசிருக்கும். கண் சிவந்திருந்தது.

"அக்கா, வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு பொய் இல்லக்கா. சத்தமான சைலன்சரோட, சத்தத்தை அடக்கற ஆப்ஷனையும் சேர்த்து எடுன்னாரு. சுபுஹு தொழ வண்டியக் கிளப்பினா பக்கத்து வீட்டுப் புள்ளைங்க முழிக்கக்கூடாதுன்னாரு. உண்மை. பெரிய பிரேக் எடு, வேகம் யாருக்கும் வரும், நிறுத்தறதுதான் காசு குடுத்து வாங்கணும்னாரு. உண்மை. இந்த சீட்டு இடுப்பப் பிடிச்சுக்கும், நீ குண்டானா முதல்ல இதுதான் சொல்லும்னாரு. அதுவும் உண்மைக்கா!"

நஜீஹாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. வண்டியைப் பார்த்தாள். கறுப்புக்கோடு இல்லை, ஸ்பாய்லர் இல்லை. துடைத்து வைத்த மஞ்சள், அவ்வளவுதான். பெரிய கறுப்புச் சக்கரங்கள். வலது முன்சக்கரத்தின் விளிம்பில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக, புதுசாக, ஒரு கீறல்.

"இது என்ன தம்பி?"

"அதுவா? வாஷ் பண்றப்ப இடிச்சிட்டாங்கக்கா, நேத்து. கழுவற ஆள் எடுக்கும்போது கல்லுல உரசிட்டார்னு அங்கிள்தான் சொன்னாரு." ஆசிக் தலையைக் குனிந்தான். "நான் அந்த அண்ணனைக் கூப்பிட்டு கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன். கண்ணு தெரியாதா, அது இதுன்னு. அவர் தலையாட்டினாரு. நான்தான் சார்னு சொன்னாரு."

அஸ்கர் அலி கைக்குட்டையை எடுத்தார். மறுபடி பையில் வைத்தார். "நஜீஹா, நேத்து மத்தியானம்" என்று ஆரம்பித்தார். "காக்கா அந்த வண்டிய எடுத்துக்கிட்டு வெளிய போனாங்கம்மா. தனியா. அல் குத்ரா ரோட்டுப் பக்கம். இருபது நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து எங்கிட்ட சொன்னாங்க, 'அஸ்கரு, முப்பது வருஷமா செகண்டு கணக்கு சொல்லிச் சொல்லியே வித்துட்டேன். இன்னைக்குத்தான் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிப் பாத்தேன். சரியாத்தான்டா இருக்கு. நூறத் தொட்டதும் கால எடுத்துட்டேன், ராடார் இருக்கு பாரு'ன்னு. நான் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன். சக்கரம் உரசினது எனக்குத் தெரியாது."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேப்பமரத்தடிப் பக்கம் திரும்பினார்கள். ராக்கப்பன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நஜீஹாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் போகும்போது வாப்பா காட்டிய இரண்டு விரல், ரெண்டு நிமிஷம் இல்லை. ரெண்டு பேர்.

அவள் ராக்கப்பனிடம் போனாள். ஆசிக்கும் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, அந்தச் சக்கரத்த உரசினது எங்க வாப்பாதானே?"

"விடு தாயி. போனவுகளப் பத்தி இப்ப எதுக்கு?"

"நீங்க ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

ராக்கப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாய் வண்டிய விட்டு எறங்கறப்பப் பாத்தேன் தாயி. பதினஞ்சு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்ப அவுக மூஞ்சியில நான் பாத்ததில்ல. திருவிழாவுல ராட்டினம் சுத்திட்டு எறங்குன புள்ள கணக்கா தலையெல்லாம் கலஞ்சு, ஒரே சிரிப்பு. சக்கரத்தக்கூட பாக்கல. பொறவு இந்தத் தம்பி வந்து கேக்கவும் பயந்து போயி என் பேரச் சொல்லிட்டாக. அங்ஙனயே இல்லன்னு சொன்னா அந்தச் சிரிப்பு என்னத்துக்காகும்? அதான் சரின்னுட்டேன்."

"கோவம் வரலியாண்ணே?"

"வராம என்ன தாயி? ரூமுக்குப் போயி ரெண்டு வாய்ச் சோறுதான் உண்டேன். என்னைப் போயி சொல்லிட்டாரேன்னு இருந்துச்சு. காலைல சேதி கேட்டதும் அந்தச் சிரிப்புதான் முன்னால வந்து நின்னுச்சு. வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல."

உள்ளே அசருக்கு பாங்கு சொன்னார்கள். நஜீஹா கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். "எங்க வாப்பா உங்க மேல பழியப் போட்டுட்டாங்க. அவங்க உங்ககிட்ட பொருத்தம் கேக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. அவங்களுக்குப் பதிலா நான் கேக்கறேன். பொருந்திக்குங்கண்ணே."

ராக்கப்பன் பதறிப்போய் அஸ்கர் அலியைப் பார்த்தார். "இதுக்கு எப்புடிச் சொல்லணும் பாய்? உங்க வழக்கம் எனக்குத் தெரியாதுல்ல."

"பொருந்திக்கிட்டேன்னு சொன்னாப் போதும்ணே."

அவர் நஜீஹாவைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கலீல் பாயின் உடல் இருந்த திசைக்குத் திரும்பி, "பொருந்திக்கிட்டேன் பாய்" என்றார், நேற்று ஷோரூமில் பேசிய அதே குரலில்.

"நானும் பொருந்திக்கிட்டேன் அங்கிள்" என்றான் ஆசிக். பிறகு ராக்கப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் பேசினதையும் நீங்க..." என்று தொடங்கினான். "அட, விடுங்க தம்பி. தொழுவப் போங்க" என்று அவர் அவன் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்.

ஆண்கள் தோளோடு தோள் நின்று தொழுதார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நஜீஹாவும் ராக்கப்பனும் மட்டும், பல நிறத்தில் பளபளத்த பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்குக் காவல் மாதிரி நின்றார்கள். ராக்கப்பன் சும்மா நிற்கமாட்டாமல் தோள் துண்டை எடுத்து, கொரோல்லாவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்து வந்த ஆசிக், ராக்கப்பனைத் தன் வண்டியில்தான் தொழிலாளர் கேம்ப்புக்குக் கூட்டிப்போவேன் என்று அடம்பிடித்தான். சீட்டு அழுக்காகிவிடும் என்று அவர் மறுத்தார். "நீங்க கழுவின சீட்டுதானே, ஏறுங்கண்ணே" என்று கதவைத் திறந்து பிடித்தான். அவர் தலையைக் குனிந்து, இடுப்பை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை முயன்று, ஒருவழியாக உள்ளே போய்ச் சேர்ந்தார்.

"சக்கரத்தை நாளைக்கு சரி பண்ணிடுவீங்களா தம்பி?" என்று கேட்டாள் நஜீஹா.

"சத்வாவுல ஒரு கடையில சொல்லி வச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடப் போறேன்க்கா."

சத்தத்தை அடக்கும் பொத்தானை அவன் அழுத்தியிருக்க வேண்டும். எட்டு சிலிண்டர் வண்டி, வந்த வழியே மெல்ல நகர்ந்து போனது.

நஜீஹா கொரோல்லாவில் ஏறி உட்கார்ந்தாள். உம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவள் போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. வாப்பாவின் போனை எடுத்து 'ஆபிதா' என்று தேடினாள். இல்லை. 'வீடு' என்று தேடினாள். அதுவும் இல்லை. நம்பர் மனப்பாடமாகத் தெரிந்ததுதான், இப்போது பார்த்து ஒரு எண்ணும் நினைவுக்கு வரவில்லை.

கையிலேயே போன் அடித்தது. திரையில் 'ஃபுல் ஆப்ஷன்' என்று வந்தது. இன்னொரு வாடிக்கைக்காரர் போல என்று குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள்.

"என்னாச்சு நஜீஹா? மஞ்சக் கார்க்காரன் பொருந்திக்கிட்டானா?" என்றது உம்மாவின் குரல்.

நஜீஹா போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் பொருந்திக்கிட்டாங்க உம்மா." நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நூறுலயா ஓட்டினாரு?" என்றாள் ஆபிதா. "என்னைய ஒரு நாளும் எம்பதத் தாண்டிக் கூட்டிட்டுப் போகலியே, படுவா மனுஷன்."

"கோவமா உம்மா?"

"நானும் பொருந்திக்கிட்டேன்னு சொல்லிட்டு வா. வாசல்லதானே நிக்குற?"

நஜீஹா கண்ணாடியை இறக்கி, மதில் பக்கம் திரும்பிச் சொன்னாள். ராக்கப்பன் துடைத்துவிட்டுப் போன கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வண்டியைக் கிளப்பி, வலது ஓரத்தில், எண்பதில் வீட்டுக்குப் போனாள்.